உப்பும் சேறும் ஒரு முகமும்: கருப்பு வெள்ளைப் படத்தில் ஸ்ப்ளிட் டோனிங்

தூத்துக்குடி பக்கம் ஓர் உப்பளத்தில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தலையில் உப்புக் கூடையோடு ஓர் அக்கா வரப்பில் நடந்து வருகிறார், பின்னால் உப்புக் குவியல், காலடியில் ஈரச் சேறு, பாத்தியில் கொஞ்சம் தண்ணீர். கருப்பு வெள்ளைக்கு மாற்றியதும் படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தின் ஏற்ற இறக்கமாக இருந்ததே தவிர உப்புக்கு உப்பின் குணமும் சேற்றுக்குச் சேற்றின் குணமும் வரவில்லை. சரி, ஸ்ப்ளிட் டோனிங் செய்து பார்ப்போம் என்று கையில் இருந்த ஒரு பிரீசெட்டை, அதாவது முன்கூட்டியே அமைத்து வைத்த எடிட்டிங் அமைப்பை, எடுத்துப் போட்டேன். வெளிச்சத்துக்கு மஞ்சள், நிழலுக்கு நீலம் என்று எல்லோரும் வைத்திருக்கும் அதே ஜோடிதான். போட்டதும் உப்பு நாட்டுச் சர்க்கரை போல ஆகிவிட்டது, அக்காவின் முகம் சாம்பல் பூத்துக் களையிழந்து போனது.

அந்தப் படத்தைச் சரிசெய்யப் போய்த்தான் இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டது, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஸ்ப்ளிட் டோனிங் என்பது இதுதான்: கருப்பு வெள்ளைப் படத்தின் வெளிச்சப் பகுதிக்கு ஒரு நிறச் சாயலும் நிழல் பகுதிக்கு இன்னொரு சாயலும் கொடுப்பது. சாயல் என்ற சொல்லைக் கவனியுங்கள், வண்ணம் அடிப்பது இல்லை. பார்க்கிறவர் அதைக் கருப்பு வெள்ளைப் படம் என்றே நினைக்க வேண்டும், ஆனால் உப்பில் ஒரு குளிர்ச்சியும் சேற்றில் ஒரு வெதுவெதுப்பும் கண்ணுக்குப் பட வேண்டும். இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. டார்க்ரூமில் பிரிண்டைப் பழுப்பு நிறம் தரும் செபியா கெமிக்கலில் பாதியும் செலினியத்தில் பாதியுமாக முக்கி எடுத்தவர்கள் செய்ததைத்தான் நாம் இப்போது ஸ்லைடரில் செய்கிறோம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கருப்பு வெள்ளைப் படம் தன் காலில் நிற்க வேண்டும். சப்பென்று இருக்கும் படத்துக்கு டோனிங் உயிர் கொடுக்காது, மங்கலாக ஒரு நிறம் படிந்த சப்பைப் படமாகத்தான் அது வெளியே வரும். முடிந்தால், கேமரா பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் இருந்து தொடங்குங்கள், ஜேபெக்கில் வானம் போன்ற வழவழப்பான இடங்களில் நிறம் பட்டை பட்டையாக உடைய வாய்ப்பு அதிகம். லைட்ரூம் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் டெவலப் பகுதிக்குப் போய் வி கீயை அழுத்தினால் படம் கருப்பு வெள்ளையாகும், பிறகு சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று இருக்கும் ஸ்லைடர்களை நகர்த்தி எது வெளிச்சம் எது நிழல் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். ஆரஞ்சைக் கொஞ்சம் ஏற்றினால் நம் ஊர்த் தோல் தெளிவாகும், நீலத்தை இறக்கினால் வானம் கனக்கும். வெள்ளை வெடித்துப்போகாமலும் கருப்பு முழுக்க மூடிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தகவலே இல்லாத வெள்ளையில் சாயல் பிடிக்க இடம் கிடையாது, அந்த இடம் மட்டும் காகிதத்தில் ஓட்டை விழுந்தது போலத் தனியாகத் தெரியும்.

அடுத்தது, பலரும் தாண்டிப் போய்விடும் வேலை. எந்த ஸ்லைடரையும் தொடாமல் மவுஸைப் படத்தின் மேல் நகர்த்தி, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்துக்குக் கீழே வரும் சதவீதத்தைப் படியுங்கள்; 0 என்றால் முழுக் கருப்பு, 100 என்றால் முழு வெள்ளை. என் படத்தில் உப்பு 90 பக்கம் இருந்தது, பாத்தித் தண்ணீரில் வானம் தெரிந்த இடம் 70, ஈரச் சேறு 12, அக்காவின் முகம் 30. பிரச்சினை எங்கே என்று இந்த நாலு எண்ணிலேயே தெரிந்துவிட்டது. முகம் 30 என்றால் அது கிட்டத்தட்ட நிழல் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது, நிழலுக்குப் போட்ட நீலம் நேராகப் போய் முகத்தில்தான் விழும். நம்மிடம் சுற்றிக்கொண்டிருக்கும் பிரீசெட்டுகளில் பெரும்பாலானவை வெளிர்த் தோலை மனதில் வைத்துச் செய்தவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த முகம் 65, 70 என்று வெளிச்சப் பக்கம் இருக்கும், மஞ்சள் சாயல் பட்டு அழகாகத் தெரியும். கருத்த முகத்துக்கு அதே பிரீசெட்டைப் போடுவது அந்த முகத்துக்குச் செய்யும் அநியாயம். உப்பளத்திலும் வயலிலும் கடற்கரையிலும் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களைப் படம் எடுப்பவர்கள் இதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

இப்போது நிறம். லைட்ரூமில் முன்பு ஸ்ப்ளிட் டோனிங் என்றே ஒரு பேனல் இருந்தது, 2020 அக்டோபரில் அதை எடுத்துவிட்டு கலர் கிரேடிங் என்று மூன்று சக்கரங்களாக வைத்தார்கள்: ஷேடோ (நிழல்), மிட்டோன் (நடுச் சாம்பல்), ஹைலைட் (வெளிச்சம்). சக்கரத்தில் குத்துமதிப்பாகப் புள்ளியை இழுப்பதைவிட, ஹ்யூ (எந்த நிறம் என்பது, 0 முதல் 360 வரை), சாச்சுரேஷன் (அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி என்பது) இரண்டையும் எண்ணாகப் பார்த்து வைப்பதுதான் எனக்குச் சரிப்பட்டு வருகிறது. ஒரு வழி சொல்கிறேன். சாச்சுரேஷனை முதலில் 60 வரைக்கும் ஏற்றுங்கள், படம் கண்றாவியாக இருக்கும், இருக்கட்டும். அந்த நிலையில் ஹ்யூவை மெதுவாக நகர்த்தினால் எந்த நிறம் எங்கே படிகிறது என்று பளிச்சென்று தெரியும். 50க்கு மேல் போனால் மஞ்சளில் பச்சை எட்டிப்பார்ப்பதும், 240 தாண்டினால் நீலம் கத்திரிப்பூ நிறம் ஆவதும் அப்போதுதான் கண்ணில் படும். நிறம் முடிவானதும் சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இறக்கி, அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, சாயல் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். பெரும்பாலும் அது 5க்கும் 15க்கும் நடுவில் இருக்கும். 25 தாண்டினால் எனக்கு அது கருப்பு வெள்ளைப் படமாகவே தெரிவதில்லை.

உப்பளப் படத்தில் நான் ஜோடியைத் தலைகீழாக மாற்றினேன். ஹைலைட்டுக்கு ஹ்யூ 210, சாச்சுரேஷன் வெறும் 4. ஷேடோவுக்கு ஹ்யூ 30, சாச்சுரேஷன் 12. உப்புக்கு அதன் வெண்மை திரும்பி வந்தது, காலை வெளிச்சத்தில் உப்பு கண்ணைக் கூசவைக்குமே, அந்த வெண்மை. தண்ணீரில் வானம் விழுந்த இடமும் லேசாகக் குளிர்ந்தது. சேறு சேறாக ஆனது. முகத்தில் நிழலின் வெதுவெதுப்பு ஏறி ரத்தம் ஓடுகிற முகமாக மாறியது. இரண்டு குறையும் ஒரே மாற்றத்தில் தீர்ந்தன. மிட்டோனைத் தொடவே இல்லை, தொடாமல் விட்டால்தான் இரண்டு சாயலுக்கும் நடுவில் கண் ஓய்வெடுக்க ஒரு சாம்பல் இருக்கும்.

அப்படியென்றால் வெளிச்சம் மஞ்சள், நிழல் நீலம் என்பது தப்பா என்று கேட்டால், இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. சாயங்கால வெயில் படுகிற இடம் மஞ்சளாகவும், வெயில் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் விழுகிற நிழல் நீலமாகவும் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம், அதனால் அந்த ஜோடி நமக்கு இயல்பாகப் படுகிறது. ஓட்டு வீட்டு முற்றத்தில் சாய்ந்து விழும் வெயில், கோயில் பிராகாரத்தில் தூண்களுக்கு நடுவே வரும் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஹைலைட் ஹ்யூ 42, சாச்சுரேஷன் 10. ஷேடோ ஹ்யூ 222, சாச்சுரேஷன் 8 என்று தொடங்கிப் பாருங்கள். அந்த முற்றத்தில் கருத்த முகம் ஒன்று இருந்தால் பேலன்ஸ் ஸ்லைடரை வலது பக்கம் 30, 40 என்று நகர்த்துங்கள். வெளிச்சத்தின் சாயல் கீழே இறங்கி முகத்தையும் சேர்த்துக்கொள்ளும், நீலம் அடியாழக் கருப்பில் மட்டும் ஒதுங்கும். அதுவும் போதவில்லை என்றால் மிட்டோனுக்கு ஹ்யூ 35இல் சாச்சுரேஷன் ஒரு 5 கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் பிளெண்டிங் ஸ்லைடர் இரண்டு சாயலும் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு கலக்கலாம் என்பதற்கானது, 50இல் நிற்கும். பழைய பேனலின் தோற்றம் வேண்டுமென்றால் 100க்குக் கொண்டுபோங்கள்.

லைட்ரூம் இல்லாவிட்டாலும் குறையில்லை. டார்க்டேபிள் இலவசம், அதில் ஸ்ப்ளிட் டோனிங் என்ற பெயரிலேயே ஒரு மாட்யூல் உண்டு. கிம்ப்பில் படத்தை ஆர்ஜிபி மோடிலேயே வைத்து டீசாச்சுரேட் செய்துவிட்டு கலர் பேலன்ஸைத் திறந்தால் ஷேடோ, மிட்டோன், ஹைலைட் மூன்றும் தனித்தனியாக வரும். கிரேஸ்கேல் மோடுக்கு மாற்றிவிட்டால் நிறத்துக்கு இடமே இருக்காது, புதிதாகச் செய்கிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் என்றால் ஸ்னாப்சீட் போதும்: முதலில் பிளாக் அண்ட் ஒயிட், அதற்கு மேல் கர்வ்ஸ். கர்வ்ஸில் நீலச் சானலை எடுத்து இடது கீழ் முனைப் பக்கம் கொஞ்சம் தூக்கினால் நிழல் நீலமாகும், வலது மேல் பக்கம் கொஞ்சம் இறக்கினால் வெளிச்சம் மஞ்சளாகும். என் உப்பளப் படம் போல வேண்டுமென்றால் இதை அப்படியே மாற்றிச் செய்து, சிவப்புச் சானலில் நிழலைத் துளி தூக்குங்கள். விரல் அசைவில் ஒரு துளி போதும்.

போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் கிரேடியண்ட் மேப்பையும் முயன்று பாருங்கள். கருப்பில் இருந்து வெள்ளை வரை எந்தப் படியில் எந்த நிறம் என்று நீங்களே புள்ளி வைக்கலாம், மூன்று சாயல்கூடக் கொடுக்கலாம். லேயரின் பிளெண்ட் மோடை கலருக்கு மாற்றிக்கொண்டால் படத்தின் வெளிச்ச அளவு கெடாது.

டார்க்ரூம் வசதி இருக்கிறவர்களுக்கு இப்போது. கெமிக்கலில் இது நடக்கும் விதமே அழகு. செபியாவுக்கு முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் புரோமைடும் கலந்த பிளீச்சில் பிரிண்டைப் போடுவோம். மெல்லிய வெள்ளித் துகள்கள் இருக்கும் வெளிச்சப் பகுதியைத்தான் பிளீச் முதலில் தின்னும், கருப்புக்குக் கடைசியில்தான் வரும். பிளீச்சை நன்றாக நீர்த்துப் போட்டு, ஹைலைட் மங்கியதும் பிரிண்டை வெளியே எடுத்துத் தண்ணீரில் கழுவி, டோனரில் போட்டால் அந்த இடம் மட்டும் செபியா ஆகும். மறுபடி கழுவி செலினியத்தில் போட்டால் அது மிச்சம் இருக்கும் வெள்ளியை, அதாவது நிழலைப் பிடித்துக்கொள்ளும். வார்ம்டோன் பேப்பரில் செலினியம் கத்திரிப்பூ கலந்த பழுப்பாக நன்றாக ஏறும். நிழலில் நீலம் வேண்டுமானால் செலினியத்துக்குப் பதில் அயர்ன் புளூ டோனர். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பிளீச்சுக்கு முன் பிரிண்டில் ஹைப்போ, அதாவது படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸர், துளியும் மிச்சம் இருக்கக் கூடாது. ஹைப்போவும் ஃபெரிசயனைடும் சேர்ந்தால் வெள்ளி கரைந்தே போய்விடும், போன ஹைலைட் எந்த டோனரிலும் திரும்பி வராது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், சல்ஃபைடு டோனர் பக்கம் ஆசிட் எதையும் கொண்டுபோகாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை தாங்காதவர்களுக்கு தயோயூரியா டோனர் இருக்கிறது.

கடைசியாகச் சரிபார்க்கும் வேலை. இவ்வளவு மெல்லிய சாயலைக் கண் சீக்கிரம் பழகிக்கொள்ளும், பத்து நிமிடம் பார்த்தால் 12 என்பது 0 போலத் தெரியும், கை தானாக ஏற்றிக்கொண்டே போகும். அதனால் டோனிங் செய்யாத கருப்பு வெள்ளையை லைட்ரூமில் ஒரு வர்ச்சுவல் காப்பியாக (அதே ஃபைலின் இன்னொரு எடிட்டாக) பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றி மாற்றிப் பாருங்கள். ஸ்கிரீனில் நைட் மோட் ஓடினால் அணைத்துவிடுங்கள், அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கிக் காட்டும்.

பிரிண்ட் போடுவதாக இருந்தால் முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பாருங்கள். உப்பளப் படத்தை ஒரு லேபில் மேட் பேப்பரில் போட்டபோது, அந்தப் பேப்பரே லேசான சந்தன நிறத்தில் இருந்ததால் உப்பு மறுபடி பழுத்துப்போய் வந்தது. ஸ்கிரீனில் 4 ஆக இருந்த ஹைலைட் சாச்சுரேஷனை 7 ஆக்கி இரண்டாவது முறை போட்டேன். பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பார்த்தேன், உப்பு வெள்ளையாக இருந்தது. அந்த பிரிண்ட்டைத்தான் அடுத்த முறை போனபோது அக்காவிடம் கொடுத்தேன்.