கல்லைப் பார்த்துக் கிரஷரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிரஷர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை டன் ஓடும்?" என்றுதான். கம்பெனி கையேட்டில் இருக்கும் டன் கணக்கு, காய்ந்த, நடுத்தரக் கடினமுள்ள கல்லை இடைவிடாமல் கொட்டினால் வருவது. குவாரியில் அப்படி ஓடாது. அதனால் கல்லிலிருந்து தொடங்குவோம்.

படி 1: கல்லைச் சோதியுங்கள்

குவாரியின் மேல்மட்டம், நடு, அடி என மூன்று இடத்தில் கல் எடுங்கள். எஃகுக் கத்தியால் அழுத்திக் கீறுங்கள். கல்லில் கோடு விழுந்தால் மென்மையானது, சுண்ணாம்புக்கல் இப்படித்தான். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துச் சார்னகைட்டில் கல் கீறாது, கத்தியின் எஃகுதான் அதன்மேல் கோடாக ஒட்டும். அந்தக் கல்லில் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, இருக்கிறது. இயந்திரத்தின் இரும்பைத் தின்பது அதுதான்.

கல்லோடு வரும் மண்ணை ஒரு பிடி எடுத்து, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். நீர் கலங்கியே நின்றால் களிமண் அதிகம். கிரஷருக்கு முன்னால் 40 முதல் 50 மி.மீ. இடைவெளியுள்ள கிரிஸ்லி ஃபீடர் (மண்ணைக் கம்பி இடைவெளியில் கீழே விழவிட்டு, கல்லை முன்னே நகர்த்தும் ஊட்டி) வைத்து மண்ணைத் தனியே தள்ளியாக வேண்டும்.

படி 2: தேவையை டன்னாக மாற்றுங்கள்

நாளுக்கு 60 யூனிட் முக்கால் ஜல்லி, அதாவது 20 மி.மீ. ஜல்லி, வேண்டும் என்று வையுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி, ஏறக்குறைய 4.25 டன். 60 யூனிட் என்றால் 255 டன். உடைத்த கல் முழுவதும் 20 மி.மீ. ஆகாது, பாதிதான் கிடைக்கும் என்று கொண்டால் 510 டன் கல் போட வேண்டும். எட்டு மணி நேர வேலையில் இயந்திரம் உண்மையில் ஓடுவது ஆறு மணி என்று வைத்தால், மணிக்கு 85 டன். இதற்கு வாய் 30×20 அங்குலம் உள்ள ஜா கிரஷர் (இரண்டு தாடைத் தகடுகளுக்கு இடையே கல்லை நசுக்குவது) திணறும். 36×24 பக்கம் போங்கள்.

இந்த 36×24-இல் வாயின் திறப்பு 24 அங்குலம், சுமார் 600 மி.மீ. அதில் 80 சதவீதத்துக்குமேல் பெரிய கல் போடக்கூடாது, 480 மி.மீ.தான் எல்லை. அதற்குமேல் உள்ள போல்டர் வாயில் குறுக்கே பாலம்போல் நிற்கும். கடப்பாறையோடு ஆள் இறங்குவது அப்போதுதான். இறக்காதீர்கள், குவாரியிலேயே ராக் பிரேக்கரால் உடைத்து அனுப்புங்கள்.

படி 3: முதல் உடைப்பு

கடினக் கல்லுக்கு ஜா கிரஷர். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. கல்லை நான்கில், ஐந்தில் ஒரு பங்காகத்தான் அது சிறிதாக்கும். 400 மி.மீ. கல் 80, 100 மி.மீ. ஆக வெளிவரும். செலவைக் குறைக்க ஜாவிலேயே 20 மி.மீ. எடுக்கலாம் என்று அடிவாயை இறுக்கினால், டன் குறையும், மோட்டார் சூடாகும், தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் உடையும்.

படி 4: இரண்டாவது உடைப்பு

பணம் கரைவது இங்கேதான்.

கருங்கல், கிரானைட், சார்னகைட் என்றால் கோன் கிரஷர். அது உள்ளே ஆடும் கூம்புக்கும் வெளி உறைக்கும் இடையே கல்லை அழுத்தி உடைக்கிறது, தேய்மானம் தாங்கும். ஆனால் அதன் அறை எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அரைகுறையாக ஊட்டினால் லைனர் (அறையின் உள்தகடு) ஒரு பக்கமாகத் தேயும், ஜல்லி தட்டையாக வரும். ஈரக் களிமண் உள்ளே போனால் கட்டியாக இறுகி, மேல்வளையம் துள்ளத் தொடங்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஊட்டலை நிறுத்துங்கள்.

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் போன்ற மென்கல்லுக்கு இம்பாக்டர் போதும். சுழலும் சுத்திப்பட்டை அடித்து உடைப்பதால் ஜல்லி கனசதுரமாக வரும். பெரிய கல்லை ஒரே தடவையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரும். விலையும் கோனைவிடக் குறைவு. அந்த விலையைப் பார்த்துக் கருங்கல்லுக்கு வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் சுத்திப்பட்டை மாற்றுவதிலேயே போய்விடும்.

கட்டட இடிபாட்டுக்கும் இம்பாக்டரே. கம்பி கலந்து வரும் சரக்கைக் கோனுக்கு அனுப்பக் கூடாது. பெல்ட்டின் மேல் காந்தம் கட்டுங்கள். ஒரு சங்கதி: தேய்ந்து உடைந்த மாங்கனீசு எஃகுத் துண்டைக் காந்தம் பிடிக்காது, கோனுக்கு முன்னால் மெட்டல் டிடெக்டர் தனியே வேண்டும்.

படி 5: எம்-சாண்ட் வேண்டுமா?

எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்யும் மணல். வேண்டுமென்றால் மூன்றாவதாக வி.எஸ்.ஐ., அதாவது கல்லைச் சுழற்றி வீசி மோதவைத்து உடைக்கும் இயந்திரம். கருங்கல்லுக்குக் கல்லோடு கல் மோதும் வகை. மென்கல்லுக்குக் கல் இரும்பில் மோதும் வகை. வெறும் கிரஷர் டஸ்ட்டைச் சலித்தால் எம்-சாண்ட் ஆகாது. ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரப்படி உடைகல் மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவும் இயந்திரமும், கழுவிய நீரைத் தெளியவிடத் தொட்டியும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

முன்பணம் கொடுக்கும் முன், அதே மாடல் ஓடும் இடத்துக்கு உங்கள் கல்லில் ஒரு லாரி அனுப்புங்கள். வரும் ஜல்லியில் தட்டை, நீளக் கற்களின் கூட்டுக் குறியீட்டைப் பரிசோதனைக் கூடத்தில் பாருங்கள். கான்கிரீட்டுக்கு 40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தாடைத் தகட்டின் எடை எவ்வளவு, எத்தனை நாளில் திருப்பிப் போட்டார்கள் என்று உரிமையாளரைக் கேட்பதைவிட ஃபிட்டரைக் கேளுங்கள். பெல்ட் விழும் இடங்களில் தண்ணீர்த் தெளிப்பான் எங்கெங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்காத் தூள் நுரையீரலைக் கெடுப்பது. தெளிப்பானுக்கான செலவு கொட்டேஷனில் பெரும்பாலும் இருக்காது.