உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்குப் பின்: அதிகம் நடக்கும் தவறுகள்

புற்றுநோய் இருந்த பகுதியை வெட்டியெடுத்த பிறகு, பெரும்பாலும் இரைப்பையைக் குழாய் மாதிரி தைத்து மேலே ஏற்றி, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ இணைப்பார்கள். அந்த இணைப்பு கசிவதுதான் எல்லாரும் பயப்படும் சிக்கல். பெரும்பாலும் முதல் 10 நாளுக்குள் தெரிந்துவிடும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பது. பல பேருக்குக் காய்ச்சலுக்கு முன்பே நாடி வேகமாகும், துடிப்பு ஒழுங்கு தப்பும், மூச்சு வாங்கும், பேச்சில் குழப்பம் தெரியும். நேற்று வராந்தாவில் நடந்தவர் இன்று கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். இதை முதலில் கவனிப்பவர் அநேகமாகக் கூட இருக்கும் ஆள்தான். 'களைப்பாக இருக்கும்' என்று விடாமல் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள்.

ஒரே பரிசோதனையை நம்பி நிம்மதி அடைவது அடுத்த தவறு. மருந்தைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் கசிவு தெரியாமலே போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி வரை போகத்தான் வேண்டும். ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) அளவு அறுவைக்குப் பின் ஏறுவது சகஜம். மூன்றாம் நாளுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்காமல் லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டி நின்றால் காரணம் தேட வேண்டும். கழுத்தில் கசிந்தால் பெரும்பாலும் காயத்தைத் திறந்து வடியவிட்டாலே ஆறிவிடும். நெஞ்சுக்குள் என்றால் கதை வேறு: ஸ்டென்ட் (கசியும் இடத்தை உள்ளிருந்து மூடும் குழாய்), சில சமயம் மறுபடி அறுவை.

மூக்கு வழியாகப் போட்ட டியூப் கழன்றுவிட்டால் யாரும் அவசரப்பட்டு உள்ளே தள்ளக் கூடாது. புதுத் தையலைக் கிழித்துவிடும். அறுவை செய்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். பாசத்தில் ரகசியமாக ஒரு வாய் கஞ்சி ஊட்டுவதும் வேண்டாம்.

வலிக்குப் பயந்து இருமாமல் படுத்திருந்தால் நிமோனியா வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். வலி மருந்தையும் கேட்டு வாங்குங்கள். குரல் கரகரத்தால் தொண்டைச் சளி என்று விட்டுவிடாதீர்கள். குரல்வளை நரம்பு பாதித்திருக்கலாம், தண்ணீர்கூடப் புரை ஏறும். நெஞ்சிலிருந்து நீரை வடிக்கப் போட்ட டிரெய்ன் குழாயில் பால் மாதிரி வந்தால் அது நிணநீர்க் கசிவாக இருக்கலாம். அதையும் உடனே காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்தபின், உணவு கொடுக்க வயிறு வழியாகப் போட்ட டியூபில் மாத்திரையை அரைகுறையாகப் பொடித்து ஊற்றி அடைத்துக்கொள்பவர்கள் நிறைய. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தண்ணீர் விட வேண்டும். சாப்பிட்டதும் மட்டமாகப் படுப்பதும் கூடாது. தலைப்பக்கம் உயர்ந்தே இருக்கட்டும்.

சில வாரம் கழித்து இட்லி தொண்டையில் நிற்க ஆரம்பித்தால், 'மறுபடி வந்துவிட்டது' என்று பயந்து, சொல்லாமல் கூழுக்கு மாறிவிடுகிறார்கள். உடம்பு இளைக்கிறது. அந்தச் சமயத்தில் பெரும்பாலும் தழும்பு இறுகியதுதான் காரணம். எண்டோஸ்கோபி செய்து உறுதிப்படுத்தி, அப்போதே விரித்துவிடலாம். ஒருதடவையில் முடியாது, சில தடவை போக வேண்டியிருக்கும்.