பழனி பாதயாத்திரை: கிளம்பும் முன்பே செய்துவிடும் தவறுகள்

போன தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், நத்தம் தாண்டி ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தேன். இருபது வயதுக்குச் சற்று மேல் இருக்கும், பச்சை வேட்டி கட்டிய ஒரு பையன் வந்து பெஞ்சில் சரிந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னேன். "வேண்டாம் அண்ணே, கழற்றினால் திரும்பப் போட முடியாது" என்றான். அதே வார்த்தைகளை, ஏறக்குறைய அதே இடத்தில், என் முதல் நடையில் நானும் சொல்லியிருக்கிறேன். எத்தனை நாளில் பழனி போகத் திட்டம் என்று கேட்டேன். "நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன்" என்றான். அதற்கு மேல் கேட்க வேண்டியதே இல்லை.

தண்ணீர் குடிக்க வேண்டும், மூட்டை கனக்கக் கூடாது, கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது என்பதையெல்லாம் மாலை போட்டுவிடும்போதே குருசாமி சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

போன வருடத் தேதியை மனதில் வைத்திருப்பது

தைப்பூசம் 2022-இல் ஜனவரி 18 அன்று வந்தது. 2025-இல் பிப்ரவரி 11. பூச நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடுவதைப் பொறுத்து மூன்று வாரத்துக்கு மேல்கூட நகரும். ஒரு வருடம் பொங்கல் விடுமுறையோடு ஒட்டி வந்ததை வைத்து அடுத்த வருடமும் அப்படியே வரும் என்று நினைத்து, பஞ்சாங்கம் பார்க்காமல் லீவு எழுதிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2021 முதல் தைப்பூசம் தமிழக அரசு விடுமுறை. ஆனால் அந்த ஒரு நாள் நடைக்குப் போதாது.

தை முதல் வாரத்தில் விடியற்காலைப் பனிதான் தொல்லை. தை கடைசியில் வெயில் வந்துவிடும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்து நடப்பவர்கள் தைமாதக் கணக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது. காலை எட்டு மணிக்கெல்லாம் நிழலுக்குள் போய்விட வேண்டும்.

மொத்தத் தூரத்தை லீவு நாட்களால் வகுப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இந்தக் கணக்கோடு வந்து நிற்கிறார். ஒவ்வொரு வருடமும் எனக்குக் கோபம் வருகிறது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு நாள் லீவு என்றால் நாளுக்கு 40. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் எட்டு மணி நேரம். காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

முதல் நாள் இந்தக் கணக்கு பலிக்கவும் செய்யும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குன்றக்குடியில் கும்பிட்டுவிட்டு, "அரோகரா" சத்தத்துக்கு நடுவே, ஐம்பது பேரோடு நடக்கும்போது கால் தன்னால் போகும். என் முதல் நடையில் நாங்கள் நான்கு பேர் முதல் நாள் இரவே சிங்கம்புணரி போய்ச் சேர்ந்தோம். 40 கிலோமீட்டருக்கு மேல். மண்டபத்தில் படுத்தபோது குதிகாலில் லேசான எரிச்சல் மட்டும் இருந்தது. பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொப்புளம் அன்றைக்கே உள்ளே தொடங்கிவிட்டது. வேர்வையில் ஊறிய தோலின் மேல்பகுதி ஒரு பக்கம் இழுபட, அடிப்பகுதி எலும்போடு வேறு பக்கம் இழுபட, இரண்டும் பிரிந்து நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. அதோடு பகலெல்லாம் நடந்த கால் வீங்கி, காலையில் தளர்வாக இருந்த செருப்பு வார் மாலையில் தோலை அறுக்கிறது. இரண்டாம் நாள் அந்தக் குதிகாலை ஊன்றாமல் கால் விளிம்பால் நடந்தேன். கோணி நடந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் நத்தத்தை விட்டுக் கிளம்பி, திண்டுக்கல்லுக்குப் பாதி வழி போவதற்குள் நடை நின்றுபோனது. தண்ணீர்ப் பந்தலில் இருந்த ஓர் ஆச்சி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து, "காலை உள்ளே வையப்பா" என்று சொல்லி, செருப்பை அவர்களே கழற்றினார்கள். வாரோடு தோலும் வந்தது.

பழனிக்குப் பஸ்ஸில்தான் போனேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக வேண்டிக்கொண்ட நடை அது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அடுத்த தை வரை மனம் ஆறவில்லை.

சரியான கணக்கு இப்படி வரும். நடக்கத் தகுந்த நேரம் விடியற்காலை மூன்றரை முதல் ஒன்பது வரை, பிறகு மாலை நான்கு முதல் ஏழரை வரை. ஒன்பது மணி நேரம். தேநீர், சாப்பாடு, பின்தங்கியவருக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 27 வரும், அதுவும் கால் பழகிய பிறகு. அதனால் முதல் நாள் திருப்பத்தூரோடு நிறுத்திவிடுங்கள், 22 கிலோமீட்டர்தான். "இன்னும் தெம்பு இருக்கிறதே" என்று தோன்றும். அந்தத் தெம்பு நான்காம் நாளுக்கு வேண்டும். இரண்டாம் நாள் சிங்கம்புணரி. மூன்றாம் நாள் நத்தம். நத்தத்திலிருந்து திண்டுக்கல் 37 கிலோமீட்டர், அதை இரண்டாகப் பிரியுங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் ஒரு நாள், அங்கிருந்து பழனி ஒரு நாள். ஆக ஏழு நாள். தரிசனத்துக்கு ஒரு நாள் சேர்த்தால் எட்டு.

நகரத்தார் காவடியோடு வருபவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே வழியில் நடக்கிறார்கள். எங்கே இளைப்பாறுவது, எங்கே இரவு தங்குவது என்று எல்லாம் முன்கூட்டியே வகுத்திருக்கும். பழனியிலிருந்து ஊர் திரும்புவதும் நடந்துதான். அவர்கள் யாரும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

எட்டு நாள் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? திண்டுக்கல்லில் தொடங்குங்கள். சுமார் 60 கிலோமீட்டர், மூன்று நாள். ஊரிலிருந்தே நடந்தால்தான் நடை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? காரைக்குடியில் தொடங்கி நத்தத்தில் பஸ் ஏறுவதைவிடத் திண்டுக்கல்லில் தொடங்கி மலையடிவாரம் வரை முழுதாக நடப்பது எவ்வளவோ மேல். அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். ஒரு பகலும் ஓர் இரவும் பந்தலிலேயே படுத்திருந்துவிட்டு, திண்டுக்கல் வரை பஸ்ஸில் போய், மீதியை மெதுவாக நடப்பதாக ஒத்துக்கொண்டான்.

தைப்பூசத்தன்றே போய்ச் சேர நினைப்பது

திருவிழா பத்து நாள். கொடியேற்றம் ஊர்க்கோயிலான பெரியநாயகி அம்மன் கோயிலில். ஆறாம் நாள் திருக்கல்யாணம், ஏழாம் நாள் தைப்பூசத் தேரோட்டம். இந்த இரண்டு நாளில் மலை மேல் தரிசனத்துக்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். நடந்து வீங்கிய காலுக்கு நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. ஒரு வாரம் அலுக்காமல் நடந்த பெரியவர்கள் வரிசையில் துவண்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பூசத்தன்றுதான் வேண்டுதல் என்றால் முதல் நாள் காலையிலேயே சேர்ந்து, சண்முக நதியில் குளித்துவிட்டு ஒரு தூக்கம் போடுங்கள். அப்படி வேண்டுதல் இல்லாதவர்கள் மூன்று நாள் முன்னதாகவோ, பூசம் கழிந்தோ வரலாம். எடப்பாடிக் காவடிக் கூட்டத்தார் தைப்பூசம் முடிந்த பிறகுதான் வருகிறார்கள். மலை மேல் ஓர் இரவு தங்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. நாள் தள்ளி வந்ததால் அவர்கள் பக்தியில் என்ன குறைந்துவிட்டது?

படி ஏறுவதைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் இறங்குவதை யோசிப்பதில்லை. 693 படியையும் பிடித்துக்கொண்ட முழங்காலோடு இறங்குவதுதான் கஷ்டம். சரிவாகப் போகும் யானைப்பாதை திறந்திருந்தால் அதில் இறங்குங்கள்.

சாலையோர வெள்ளைக் கோட்டை நம்பி வெயிலில் நடப்பது

வெறுங்காலோடு நடப்பவர்களைப் பதினொரு மணிக்குப் பாருங்கள். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல், ஒருவர் பின் ஒருவராக, கயிற்றில் நடப்பதுபோல் போவார்கள். தாரைவிட வெள்ளைப் பூச்சு சூட்டைக் குறைவாக இழுக்கும் என்பதால் அந்த நான்கு விரற்கடை அகலத்தில் கால் தாங்கும். ஒரு புளியமர நிழல் வந்தால் ஓடிப்போய் நின்று, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கோட்டுக்கு வருவார்கள். கண் முழுக்கக் கோட்டின் மேல் இருக்கும். அரை முழ தூரத்தில் பஸ் உரசிக்கொண்டு போவது தெரியாது. கோட்டைத் தேடும் நேரம் வந்துவிட்டால் நடை முடிந்தது என்று அர்த்தம். படுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலில் நடப்பதாக வேண்டிக்கொள்ள வேண்டாம். உணர்ச்சி மங்கிய பாதத்துக்குச் சுடுவதே தெரியாது, புண் ஆறவும் ஆறாது.

புதுச் செருப்பு

மார்கழிக்கு முன்பே வாங்கிப் பழக்கியிருக்க வேண்டும்.

இரவு முழுவதும் நடப்பது

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இரவெல்லாம் லாரி வரும், போகும். தூக்கக் கலக்கத்தில் நடப்பவரும் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவரும் ஒரே சாலையில். தனி நடைபாதை இருக்கும் இடத்தில் அதை விட்டு இறங்காதீர்கள், இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரம். முதுகில் ஒளிரும் பட்டை கட்டாயம். இரவு பத்து மணிக்கு மேல் நான் நடப்பதில்லை.

கொப்புளத்தோலை உரிப்பது

உரிக்காதீர்கள்.

பந்தலுக்குப் பந்தல் சாப்பிடுவது

அன்னதானத்தை மறுக்கக் கூடாது என்று எல்லா இடத்திலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கில் விழுந்தவர்கள் உண்டு. ஒரு கை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு நகருங்கள், கொடுப்பவர் மனம் நிறைந்துவிடும்.

திரும்பும் நாளை விட்டுவிடுவது

தரிசனம் முடிந்த அன்று இரவே பஸ் ஏறி மறுநாள் காலை வேலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். காலைத் தொங்கவிட்டு நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்தால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிடும், அதுவும் அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் கிடைத்தால். ஓர் இரவு பழனியிலேயே, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்துவிட்டு, மறுநாள் மதியத்துக்கு மேல் கிளம்புங்கள். ஒன்பதாவது நாள் லீவையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.