உங்கள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள், ஏஐ-யிடம் அப்புறம் போகலாம்

சாட்ஜிபிடி என்ற ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு மென்பொருள், வெளியானது 2022 நவம்பர் 30-ஆம் தேதி. அதற்கப்புறம் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: இனி நமக்கு வேலை இருக்குமா? 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. படிப்பை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால் பயமும் கொஞ்சம் கூடுதல். அதில் தப்பே இல்லை. பயம் இருக்கும்போதே செய்யக்கூடிய சில காரியங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு எடுங்கள். "டீச்சர்", "அக்கவுண்டன்ட்" என்று பதவியை எழுதாமல், ஒரு வாரம் முழுக்க நீங்கள் செய்கிற சின்னச் சின்ன வேலைகளை எழுதுங்கள், சலிப்பாக இருந்தாலும். இயந்திரம் பெரும்பாலும் ஒரு தொழிலை ஒரேயடியாக எடுத்துக்கொள்வதில்லை, அதிலிருந்து துண்டு துண்டாகத்தான் எடுக்கும். எந்தத் துண்டு போகும், எது நம் கையில் நிற்கும் என்று பிரித்துப் பார்க்காதவரை பயத்துக்குக் கரையே கிடையாது.

பத்திரம் எழுதுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-இல்தான், அதற்கு முன் திருவிதாங்கூர் பக்கம். அதனால் இங்கே எத்தனையோ வீடுகளில் தாத்தா காலத்து நிலப் பத்திரம் மலையாளத்தில், கையெழுத்தில், மை மங்கிப்போய் இருக்கிறது. இப்போது அதைப் போனில் போட்டோ எடுத்து ஏஐ-யிடம் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் தமிழில் மாற்றித் தந்துவிடும், படிக்கவும் சரளமாக இருக்கும். ஆனால் இந்த மென்பொருள் எழுதும் விதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்: இதுவரை வந்ததை வைத்து அடுத்து எது வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துத்தான் எழுதுகிறது. மை அழிந்த இடத்தில் "இங்கே படிக்க முடியவில்லை" என்று சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பொருத்தமாகத் தோன்றுகிற ஒரு பெயரையோ எண்ணையோ போட்டு நிரப்பிவிட்டு அதே தெம்போடு மேலே போய்விடக்கூடும். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் அது அடுத்த வீட்டுக்காரர் நிலம்!

இப்போது அவருடைய நோட்டைப் பாருங்கள். டைப் அடிப்பது, முதல் மொழிபெயர்ப்பு, பக்கத்தை ஒழுங்குபடுத்துவது எல்லாம் இயந்திரத்துக்குப் போகலாம், போகட்டும். எண்ணையும் அளவையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் கையில்தான். "கிழக்கே ஓடை" என்று எல்லை எழுதியிருக்கிறதே, அந்த ஓடை இப்போது எங்கே ஓடுகிறது என்று நேரில் போய்ப் பார்ப்பது, கையெழுத்துப் போட வேண்டிய ஒரு அக்கா ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்துத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது, பிரச்சினை வந்தால் பத்து வருடம் கழித்தும் "நான்தான் எழுதினேன்" என்று முன்னால் நிற்பது, இதெல்லாம்தான் அவருடைய தொழில். இத்தனை காலம் டைப் அடிப்பதுதான் தொழில் என்று அவரே நினைத்திருக்கலாம்.

ஆக, நோட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது தப்பாகிப் போனால் யார் பதில் சொல்ல வேண்டும்? "நான்" என்று பதில் வந்தால், இயந்திரத்திடம் கொடுத்தாலும் முழுசாகப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தரம் சொல்கிறவருக்கு இந்தக் கண் ஏற்கனவே இருக்கிறது. புகையூட்டிய ஷீட்டுக்கு உலகம் முழுக்க இப்படிப் பார்வையால் தரம் பிரிக்கிற முறை இருக்கிறது. அந்தக் கண்தான் எல்லாருக்கும் வேண்டும்.

அடுத்தது, கையை மறக்க விடாதீர்கள். லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1983-இலேயே இதை எழுதிவிட்டார். தானியங்கி இயந்திரம் சுலபமான வேலைகளை எடுத்துக்கொண்டு, அதனால் முடியாத சிக்கலான நேரத்தை மட்டும் மனிதனிடம் தள்ளும், ஆனால் அன்றாடம் செய்யாததால் அதற்குள் மனிதனுக்குக் கைப்பழக்கம் போயிருக்கும். நம் கடற்கரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரையிலுள்ள மலையையும் கோபுரத்தையும் வரிசை பார்த்து மீன் இருக்கும் இடத்தைக் குறித்துவைத்த பெரியவர்களின் பிள்ளைகள் இன்று ஜிபிஎஸ்ஸும், ஒலி அனுப்பி மீனைத் தேடும் எக்கோ சவுண்டரும் வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் வழியாகப் பார்த்து, எங்கே மீன் கூட வாய்ப்பு என்று தகவல் தருகிறது. எல்லாமே நல்லது, எதையும் விட வேண்டாம். ஆனாலும் 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்தபோது, ஆழ்கடலில் இருந்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. கருவி எட்டாத இடம் என்று ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குப் பிறகு தகவல் சொல்லும் கருவிகள் மேம்பட்டதும் உண்மை, அதை வரவேற்கிறேன், ஆனால் காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கிற அறிவு அதனால் தேவையில்லாமல் போய்விடவில்லை.

உங்கள் தொழிலுக்கு இதை எப்படிச் செய்வது? வாரத்தில் ஒரு நாள், அந்த முக்கியமான துண்டைக் கருவி இல்லாமல் செய்யுங்கள். கணக்குப் பார்ப்பவர் ஒரு பில் கட்டையாவது கையால் கூட்டிப் பார்க்கட்டும். ஆசிரியர் ஒரு கேள்வித்தாளைத் தானே யோசித்து எழுதட்டும். பிள்ளைகள் விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பு: கட்டுரையை முதலில் அவர்களே எழுத வேண்டும், மோசமாக இருந்தாலும் சரி, அதன்பிறகுதான் ஏஐ-யிடம் காட்டித் திருத்தம் கேட்கலாம். தானே முட்டி மோதி யோசித்ததுதான் மனதில் நிற்கும்.

கற்றுக்கொள்ளும் விஷயத்தில் நிறைய ஓட வேண்டாம். வாரத்துக்கு ஒரு புது ஆப் வரும், எல்லாவற்றையும் துரத்தினால் ஒன்றும் கையில் படியாது. ஒன்றே ஒன்றை எடுத்து, தினம் இருபது நிமிடம், உங்கள் சொந்த வேலையில் மட்டும் பயன்படுத்திப் பாருங்கள், உங்களுக்கு விடை நன்றாகத் தெரிந்த கேள்விகளை முதலில் கேளுங்கள், அப்போதுதான் அது எங்கே சறுக்குகிறது என்று பிடிபடும். சறுக்கின இடங்களை அதே நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்பு, பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற வகுப்பைவிட உங்களுக்கு உதவும்.

முடிந்தால் ஜோடியாகக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு இளசு, ஒரு பெரியவர். தோவாளை பூச்சந்தையில் எந்தப் பூ எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த முகூர்த்தத்துக்கு முன்னால் விலை ஏறும் என்று பெரியவருக்குத் தெரியும். கருவியிடம் எப்படிக் கேட்பது என்று பையனுக்குத் தெரியும். பெரியவர் கேட்கிற கேள்வி தரமாக இருக்கும், பையன் கேட்டு வாங்குகிற விதம் தரமாக இருக்கும். "அண்ணே, உங்களுக்கு இது புரியாது" என்று பையன் சொல்லக்கூடாது, "நீ சின்னப் பய" என்று அவரும் சொல்லக்கூடாது. இதைப் பழகுவது ஆப் பழகுவதைவிடக் கஷ்டம், மக்கா, ஆனால் இதுதான் பலன் தரும்.

வாடிக்கையாளரின் ஆதார், பட்டா, மருத்துவ ரிப்போர்ட் எதையும் அவரிடம் கேட்காமல் எந்த ஏஐ செயலியிலும் ஏற்றாதீர்கள். மாதிரிக்குக் கேட்க வேண்டுமென்றால் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் கேளுங்கள்.

கடைசியாக, பாதுகாப்பு. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. "டிஜிட்டல் கைது" என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, வீடியோ காலில் போலீஸ் உடுப்பில் யார் வந்தாலும் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு கூடுதல். அப்புறம், கொஞ்ச நேரப் பேச்சுப் பதிவு இருந்தாலே ஒருவர் குரலைப் போலி செய்ய முடிகிற காலம் இது. நம்ம ஊரில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம், "அம்மா, இங்கே ஒரு பிரச்சினை, உடனே பணம் அனுப்பு" என்று மகன் குரலிலேயே அழைப்பு வந்தால் எந்தத் தாய் யோசிப்பாள்? அதனால் குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ்புக்கில் எங்கும் இல்லாததாக இருக்க வேண்டும், பழைய வீட்டு மாட்டின் பெயர் மாதிரி. அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள், அதுவரை காத்திருக்க முடியாதென்றால் இன்று இரவு நீங்களே அவன் நம்பருக்குக் கூப்பிட்டுப் பேசி முடிவு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பாதீர்கள்.