ஜெனரேட்டர் அலாரம் எல்லைகள்: மட்டை மில்களில் ஓயாமல் நடக்கும் தவறுகள்

பொள்ளாச்சியில் கிளம்பி கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறை வரை போனால், தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மட்டை மில் இருக்கும் இடமெல்லாம் ஒரு டீசல் ஜெனரேட்டரும் இருக்கும். இந்தப் பக்கம் ஈபி, அந்தப் பக்கம் கேரள மின்வாரியமான கே.எஸ்.ஈ.பி. எது போனாலும் மில் நிற்கக் கூடாது. முன்பெல்லாம் முள் மீட்டர் இரண்டு இருக்கும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்பார். இப்போது எல்லா செட்டிலும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலர். லேப்டாப்பைச் சொருகி, எந்த வெப்பத்தில் மணி அடிக்க வேண்டும், எந்த பிரஷரில் இன்ஜின் நிற்க வேண்டும் என்று எண்களைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததாகத்தான் நினைக்கிறார்கள். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் கெட்டிக்காரர்கள். மெனுவுக்குள் போய் வரும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். ஆயில் அளவு பார், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மணி அடிக்கிறது என்று எல்லையை ஏற்றுவது

செய்யாதீர்கள்.

கையேட்டின் எண்ணையே எச்சரிக்கையாக வைப்பது

கையேட்டில் இன்ஜினை நிறுத்த வேண்டிய வெப்பம் 103 டிகிரி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பையன் அதை நிறுத்தத்துக்குப் போட்டுவிட்டு, அதற்கு மூன்று டிகிரி கீழே எச்சரிக்கையை வைக்கிறான். கணக்கு சரி, பயன் இல்லை. அந்த இன்ஜின் முழு லோடில் தினமும் 86-இல் ஓடுகிற இன்ஜின். எச்சரிக்கை வரும்போது அது தன் வழக்கத்தைவிட 14 டிகிரி மேலே போயிருக்கும். 100-லிருந்து 103-க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? ஆபரேட்டர் மட்டைக் குவியலைச் சுற்றி நடந்து வருவதற்குள் செட் நின்றுவிடும்.

நிறுத்தும் எல்லை கையேட்டிலிருந்து வரட்டும். எச்சரிக்கை எல்லை அந்த இன்ஜினிடமிருந்துதான் வர வேண்டும். மதிய வெயிலில், மில் முழுவதும் ஓடும்போது, ஒரு மணி நேரம் லோடில் விட்டு எண்ணைக் குறியுங்கள். அதற்கு மேல் ஆறேழு டிகிரியில் எச்சரிக்கை. அதற்குக் கீழே வைத்தால் தெர்மோஸ்டாட் திறந்து மூடுவதற்கெல்லாம் மணி அடிக்கும், நான்காவது நாள் யாரோ ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. வெளியூரிலிருந்து வந்து செட்டை நிறுவுகிறவர்கள் சித்திரை வெயிலைத்தான் பெரிய சோதனை என்று நினைக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றை அவர்கள் பார்த்ததில்லை. ரேடியேட்டரின் சூடான காற்று மேற்குப் பக்கம் வெளியேறும்படி செட்டை வைத்திருந்தால், மேல்காற்று அந்தச் சூட்டை அப்படியே திருப்பி அறைக்குள் தள்ளும். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று நகராது. ஏப்ரலில் 87-இல் ஓடிய செட், குளிர்ந்த ஜூலை நாளில் 96 காட்டும். அதோடு நார்த்தூள் வேறு ரேடியேட்டர் முகத்தில் கம்பளி போர்த்தியதுபோல அப்பியிருக்கும். அப்போது வேலை ரேடியேட்டரை ஊதிச் சுத்தம் செய்வதும், காற்று போகும் வழியில் தடுப்புச் சுவர் கட்டுவதும்தான். லேப்டாப்பில் இதற்கு வைத்தியம் இல்லை.

எண் சரி, அளவுகோல் தவறு

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இந்தத் தவறுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆயில் பிரஷர் சென்சார் கன்ட்ரோலருக்கு பிரஷரை அனுப்புவதில்லை. அது அனுப்புவது வெறும் மின்தடை, அதாவது ஓம். அந்த ஓமை பாராக, அதாவது பிரஷர் அளவாக, மாற்றுவது கன்ட்ரோலருக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் அட்டவணை. நம் பக்கம் பரவலாகக் கிடைக்கும் வி.டி.ஓ. வகை சென்சார்களில் 5 பார் சென்சாரும் உண்டு, 10 பார் சென்சாரும் உண்டு. இரண்டுமே பிரஷர் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அளவில் சுமார் 180 ஓம். மரையும் ஒன்றாக இருக்கலாம், ஒயரும் அதேதான். கையில் வாங்கிப் பார்த்தால் உடம்பில் பொறித்திருக்கும் எழுத்தைத் தவிர வித்தியாசம் தெரியாது.

இப்போது 10 பார் அட்டவணை இருக்கும் கன்ட்ரோலரில் 5 பார் சென்சாரை மாட்டினால் என்ன ஆகும்? காட்டும் பிரஷர் ஏறத்தாழ இரு மடங்கு. உள்ளே 2 பார் இருந்தால் வெளியே 4. நிறுத்தும் எல்லையாக நீங்கள் கவனமாக, கையேட்டைப் பார்த்து 1.2 என்று போட்டிருப்பீர்கள். உண்மையில் இன்ஜின் நிற்கப்போவது 0.6-இல்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு மில்லில் நடந்தது. 125 கே.வி.ஏ. செட், நிறைய மணி நேரம் ஓடிய இன்ஜின். சூடான பிறகு 4 பாருக்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இறங்கி 2.5-க்கு வந்துவிட்டது. எச்சரிக்கை மணி சரியாக அடித்தது, அது வரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. சர்வீஸுக்கு வந்த பையன் ஆயிலை மாற்றினான், ஃபில்டரை மாற்றினான், எண் ஏறவில்லை. சென்சார்தான் போயிருக்கும் என்று முடிவு செய்து, கோயம்புத்தூரில் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். 5 பார் காட்டியது.

"பார்த்தீங்களாண்ணா, சென்சார்தான் போயிருந்துச்சு" என்று மில்காரரிடம் சொல்லியிருக்கிறான். அவருக்கும் சந்தோஷம். பெரிய செலவு வரும் என்று பயந்தவருக்குச் சில நூறு ரூபாயில் முடிந்தது. 2.5 எப்படிச் சரியாக 5 ஆனது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எனக்கு எரிச்சல் அங்கேதான். பழைய சென்சார் உண்மையைச் சொன்னது, அதைக் கழற்றிக் குப்பையில் போட்டார்கள்.

அப்புறம் சில வாரம் ஓடியது. பேரிங் தேய்ந்துகொண்டே போனது, பிரஷர் இறங்கிக்கொண்டே போனது, கன்ட்ரோலரோ எல்லாம் நலம் என்றது. கடைசியில் "ஆயில் பிரஷர் குறைவு" என்று காட்டிவிட்டு செட் நின்றது. மில்காரர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, 1.2-லயே நின்னுருச்சே, ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?" என்றார். ஆயில் சம்பைக் கழற்றினால் அடியில் பேரிங் உலோகம் பொடியாகப் பளபளத்தது. கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்குக்குப் போனது, பேரிங் முழு செட் புதிது, வாடகை ஜெனரேட்டருக்குத் தனிச் செலவு. பழைய சென்சார் 2.5 காட்டியபோதே பிரித்திருந்தால் பேரிங் மாற்றியதோடு முடிந்திருக்கும்.

லேப்டாப் வந்த பிறகு இதே தவறு இன்னொரு வழியிலும் நுழைகிறது. ஒரு மில்லில் நன்றாக ஓடும் செட்டின் செட்டிங் ஃபைலை அப்படியே எடுத்து அடுத்த மில் செட்டில் ஏற்றிவிடுகிறார்கள். எல்லைகள் மட்டும் வருவதில்லை, அந்த செட்டின் சென்சார் அட்டவணையும் சேர்ந்தே வருகிறது. பத்து நிமிஷ வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்த திருப்தி.

சோதிப்பது மிக எளிது. பிரஷருக்கு: சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு சாதாரண முள் கேஜை மாட்டி இன்ஜினைச் சூடாக ஓட்டிப் பாருங்கள். டி இணைப்பு இருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாட்டலாம். முள்ளும் திரையும் ஒத்துப்போக வேண்டும். வெப்பத்துக்கு: 120 டிகிரி வி.டி.ஓ. சென்சார் 100 டிகிரியில் சுமார் 38 ஓம் கொடுக்கும். சென்சார் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் ஒரு 39 ஓம் ரெசிஸ்டரை வைத்தால் திரை 100-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் மணியும் அடிக்க வேண்டும். ரெசிஸ்டர் விலை ஒரு டீ விலைகூட இல்லை. சென்சார் மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். குறிப்பாக, சென்சார் மாற்றியதும் எண் அழகாகிவிட்டால் கட்டாயம் செய்யுங்கள்.

சென்சார் மரையில் டெஃப்லான் டேப்

ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். கசிவுக்குப் பயந்து மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினால் நடுவில் கூடுதல் தடை வந்து சேரும். பிரஷர் சென்சாரில் ஓம் கூடினால் பிரஷர் கூடுதலாகத் தெரியும். வெப்ப சென்சாரில் ஓம் கூடினால் வெப்பம் குறைவாகத் தெரியும். 90 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையே மொத்த வித்தியாசமே சுமார் 12 ஓம்தான். ஆக, டேப் செய்யும் தவறு இரண்டு பக்கமும் நல்ல செய்தியாகவே வரும். துருப்பிடித்த எர்த் ஒயரும் இப்படியேதான். அதனால் முந்தைய ரெசிஸ்டர் சோதனையில் தேறிய செட்டிலும் சென்சார் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை மீட்டர் வைத்துப் பாருங்கள். ஓம் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும்.

தண்ணீரே இல்லாத இடத்தில் வெப்பம் அளப்பது

ஹோஸ் வெடித்துக் கூலன்ட் மொத்தமும் கொட்டிவிட்டது என்றால் வெப்ப அலாரம் அடிக்கும் என்று நம்புகிறோம். சென்சாரின் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அது சரியாக அளக்கும். தண்ணீர் போய் முனை காற்றில் தொங்கும்போது, இன்ஜினின் சிலிண்டர் ஹெட் தகதகவென்று காய்ந்துகொண்டிருக்க, திரையில் எண் இறங்கக்கூடச் செய்யும். எந்த எல்லையை வைத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. ரேடியேட்டரில் கூலன்ட் லெவல் சுவிட்ச் தனியாக வேண்டும். அதை எச்சரிக்கையாக வைக்காமல் நேரடி நிறுத்தமாகவே வையுங்கள், சில விநாடித் தாமதத்தோடு. பழைய செட்களில் இந்த சுவிட்ச் இருக்காது, புதிதில் இருக்கும், ஆனால் "சும்மா சும்மா டிரிப் ஆகுது" என்று இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்து வைத்திருப்பார்கள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அந்த முறுக்கிய ஒயரைத் தேடுங்கள்.

சார்ஜிங் அலாரத்தை அலட்சியம் செய்வது

பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்ற அலாரத்தை யாரும் மதிப்பதில்லை. "ஓடுற வண்டிதானே, சாயந்திரம் பார்த்துக்கலாம்." பல இன்ஜின்களில் சார்ஜிங் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் ஃபேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் வரும் சேதி சார்ஜிங் அலாரம், வெப்ப அலாரம் அதற்குப் பிறகுதான். உங்கள் இன்ஜினில் ஒரே பெல்ட் என்றால் இந்த அலாரத்துக்கும் பெரிய ஹூட்டரே அடிக்கட்டும்.

ஸ்டார்ட் ஆனதும் தரும் சலுகை நேரம்

இன்ஜின் ஸ்டார்ட் ஆனவுடன் ஆயில் பிரஷர் இருக்காது. அதனால் முதல் சில விநாடி கன்ட்ரோலர் அதைக் கண்டுகொள்ளாது. எட்டு, பத்து விநாடி போதும். காலையில் ஒருமுறை டிரிப் ஆனது என்று இதை 30-ஆக்கி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். 1500 ஆர்.பி.எம்.-இல் 30 விநாடி என்றால் 750 சுற்று. ஆயில் இல்லாத இன்ஜின் கெட்டுப்போக அது தாராளம். பத்து விநாடியில் பிரஷர் ஏறவில்லை என்றால் கோளாறு இன்ஜினில் இருக்கிறது, நேரத்தில் இல்லை.

ஓவர்ஸ்பீட்

கையேட்டில் உள்ள எண். அதோடு சரி.

ஹூட்டர் எங்கே இருக்கிறது?

ஜெனரேட்டர் அறைக்குள். மில்லுக்குள் மட்டை அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. இப்போது ஆபரேட்டர்களில் பலர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். திரையில் ஓடும் ஆங்கில வரியை அவர்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மில்லுக்குள் ஃபீடிங் செய்யும் இடத்தின் நேர் எதிரே ஒரு சிவப்புச் சுழல்விளக்கு போடுங்கள். விளக்கு சுற்றினால் மட்டை போடுவதை நிறுத்து என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். லோடு இறங்கினாலே பாதி நேரம் வெப்பமும் இறங்கிவிடும்.

எழுதி வைக்காமல் போவது

பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டுங்கள். எச்சரிக்கை எல்லை, நிறுத்தும் எல்லை, சென்சார் 5 பாரா 10 பாரா, முழு லோடில் அன்றைக்குக் காட்டிய வெப்பமும் பிரஷரும், தேதி. பென்சிலில் எழுதாதீர்கள், வியர்வைக் கை பட்டு அழிந்துவிடும்.