புழுக்கமான நாளில் இடிமழை வருமா? மேற்கே பாருங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னையில் இடிமழை பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான் வரும். மேகங்களை நகர்த்தும் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் உருவாகும் மேகம் கடற்கரையை நோக்கி நகரும். எனவே மதியத்துக்குப் பிறகு கவனிக்க வேண்டியது மேற்கு, வடமேற்கு வானத்தை. கடல் பக்கம் பளிச்சென்று இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள்.

வெயில் மட்டும் போதாது, காற்றில் ஈரமும் வேண்டும். மேகம் காலிஃபிளவர் போலக் குவிந்து உயர்ந்து, உச்சி தட்டையாகப் பரவினால் அது முதிர்ந்த இடிமேகம். திடீரெனக் குளிர்காற்று புழுதியோடு அடித்தால் சில நிமிடங்கள்தான் மிச்சம். மாடித் துணியை எடுக்கவே நேரம் சரியாக இருக்கும்.

மழைமேகம் இருக்கும் இடத்தைக் காட்டும் வானிலை ரேடார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு மூடுவதில் பயனில்லை. அரை மணி இடைவெளியில் இரண்டு முறை பார்த்தால்தான் திசையும் வேகமும் பிடிபடும். அப்போதும் உறுதி கிடையாது, திருவள்ளூரிலேயே கொட்டித் தீர்த்துக் கரையும் மேகங்களும் உண்டு. மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி உதவும்.

செயலி இல்லாவிட்டால் எண்ணுங்கள்: மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 நொடி என்றால் சுமார் 1 கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். மழை விட்டிருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் மழை பெய்யும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும்.