டிஷ்யூ ப்ராசசர்: எதை வாங்குவது, முதல் கேசட்டைப் போடும் முன் என்ன செய்வது

மாதிரியைப் பார்த்துத் துண்டு போடும் கிராசிங் மேஜையில் கேசட்டுக்குள் (சின்ன துளையிட்ட பெட்டி) போன திசு, மறுநாள் காலை மைக்ரோடோமில், அதாவது மெல்லிய சீவலாக வெட்டும் கருவியில், நொறுங்காமல், குழையாமல் வெட்டுப்பட வேண்டும். நடுவில் இரவு முழுக்க டிஷ்யூ ப்ராசசர் என்ற மெஷின் செய்வது வெளியேற்றும் வேலை. திசுவில் இருக்கும் தண்ணீரை ஆல்கஹால் வெளியேற்றும், அந்த ஆல்கஹாலை சைலீன் வெளியேற்றும், சைலீன் போன இடத்தில் மெழுகு உட்காரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாக இருந்தாலும் சிக்கல் கிளம்புவது ஒரு திரவம் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைகளில்தான். பழையது எவ்வளவு ஒட்டிக்கொண்டு புதியதற்குள் போகிறது என்று பார்க்கத் தெரிந்துவிட்டால் மெஷின் கைக்கு வந்துவிடும்.

கிராசிங், எம்பெடிங் (திசுவை மெழுகுக் கட்டியில் பதிப்பது), வெட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

1. கேட்டலாகைப் பிரிக்கும் முன் கேசட்டை எண்ணுங்கள்

ஒரு நாளைக்கு எத்தனை கேசட், அதில் சின்ன பயாப்சி எத்தனை, கொழுப்பு நிறைந்த மார்பகத் திசு எத்தனை, முதல் பிளாக் (திசு பதிந்த மெழுகுக் கட்டி) காலையில் எத்தனை மணிக்குக் கையில் வேண்டும். இதைச் சில வாரங்களுக்குக் குறித்து வையுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள். அதிகமாக வந்த நாளின் எண்ணிக்கைக்குத்தான் மெஷின் ஈடுகொடுக்க வேண்டும்.

வழக்கமான மெஷின்கள் இரண்டு வகை. ஒன்று கேரோசல். வட்டமாகப் பாத்திரங்கள் இருக்கும், கேசட் கூடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போகும். பொதுவாக 12 ஸ்டேஷன், அதில் 10 திரவத்துக்கு, 2 மெழுகுக்கு. ஒரு கூடையில் 100 கேசட் வரை போகும். லைக்கா டிபி1020, முன்பு தெர்மோ பெயரில் வந்த எஸ்டிபி 120 எல்லாம் இந்த ரகம். இன்னொன்று மூடிய வகை. திசு ரிட்டார்ட் என்ற ஒரே அறையில் அசையாமல் இருக்கும், திரவங்கள் குழாய் வழியாக வந்து போகும். சூடு, வெற்றிடம், அழுத்தம் மூன்றும் கொடுக்கலாம். கொள்ளளவு 300 கேசட் வாக்கில். சகுராவின் விஐபி வரிசையும் லைக்காவின் ஏஎஸ்பி300-உம் இதில் சேரும். லைக்காவின் பெலோரிஸில் இரண்டு ரிட்டார்ட் இருப்பதால் பயாப்சிக்கு ஒன்று, பெரிய திசுவுக்கு ஒன்று என்று ஒரே நேரத்தில் ஓட்ட முடியும். மைக்ரோவேவ் ரகங்களும் உண்டு. திசுவை மிக மெல்லியதாக வெட்டிக் கொடுக்கும் ஒழுக்கம் உள்ள லேபுக்கு மட்டும் அவை சரிப்படும்.

என் கட்சி இது: நாளொன்றுக்கு 100 கேசட் தாண்டாது, சர்வீஸ் ஆள் வர நாளாகும் என்றால் கேரோசலே போதும். அதில் கெட்டுப்போக வால்வும் இல்லை, குழாயும் இல்லை. எந்தப் பாத்திரம் கலங்கியிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாலே தெரியும். குறைகளும் இருக்கின்றன. ஆவி அறைக்குள் வரும். சின்ன பயாப்சியும் கொழுப்புத் திசுவும் ஒரே கூடையில் ஒரே நேர அட்டவணையில் போக வேண்டும். எல்லாவற்றையும்விட, கூடை அந்தரத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் திசு காற்றில் காயும். பேட்டரி இல்லாத கேரோசலை வாங்கினால் அதற்கென்றே ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

விற்க வருபவரிடம் டச் ஸ்கிரீனைப் பற்றிக் கேட்காதீர்கள். நடு ஓட்டத்தில் மின்சாரம் போய் வந்தால் மெஷின் என்ன செய்யும், எந்தக் கடையிலும் கிடைக்கும் ஆல்கஹாலையும் மெழுகையும் ஊற்றலாமா அல்லது அவர்களுடையதை மட்டும்தானா, உள்ளே பதிந்து வரும் புரோகிராமை நாமே திருத்த முடியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இழுத்தால் நான் வாங்க மாட்டேன். காரணம் 5-ஆம் படியில் வரும்.

2. இடம்

மெஷின் நிற்கும் மேஜையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கேரோசல் சாய்ந்து நின்றால் கூடை பாத்திரத்தின் விளிம்பில் இடிக்கும். எத்தனால், சைலீன் இரண்டுமே சாதாரண அறை வெப்பத்திலோ அதற்குச் சற்று மேலேயோ தீப்பற்றும் ஆவியைத் தருபவை. அதனால் ஹாட் பிளேட், இன்குபேட்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

காற்றோட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, 8 மணி நேர வேலைக்கு அதன் சராசரி வரம்பை 0.75 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.75 பங்கு) என்று வைத்திருக்கிறது. சைலீனுக்கு 100 பிபிஎம். மூக்கை நம்பாதீர்கள், அது சீக்கிரம் பழகிவிடும். மூடிய மெஷினில் கார்பன் ஃபில்டர் மாற்றும் தேதியை மெஷின் மேலேயே ஒட்டி வையுங்கள்.

3. மெழுகு

பெரும்பாலான லேபுகளில் உருகுநிலை 56 முதல் 58 டிகிரி உள்ள பாரஃபின். தொட்டியை அதைவிட 2 முதல் 4 டிகிரி மேலே வைத்தால் போதும், 60 என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதிகச் சூட்டில் வேகமாக ஊறும் என்று ஏற்றிவிட்டால் திசு கட்டியாகிவிடும். திரையில் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தனி தெர்மாமீட்டர் ஒன்றைத் தொட்டியில் விட்டுப் பாருங்கள்.

குருணையாக வரும் மெழுகை விளிம்பு வரை கொட்டினாலும் உருகியதும் மட்டம் இறங்கிவிடும், இடையில் இருந்தது வெறும் காற்று. உருகிய பிறகு மறுபடி போட்டு, அதுவும் உருகக் காத்திருந்து, கூடை முழுக்க மூழ்குகிறதா என்று பாருங்கள். மேல் வரிசைக் கேசட் மெழுகுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தத் திசு பாதி வெந்த கதைதான். குளிர்ந்த தொட்டி முழுதாக உருகப் பல மணி நேரம் ஆகும் என்பதால் முந்தின நாளே சூடேற்றிவிடுங்கள்.

4. நேர அட்டவணை

12 ஸ்டேஷன் கேரோசலுக்கு, 3 மில்லிமீட்டர் தடிமன் உள்ள திசுவுக்கு இதிலிருந்து தொடங்கலாம்:

ஃபார்மலின் 1 மணி, மறுபடி ஃபார்மலின் 1 மணி
70% ஆல்கஹால் 1 மணி
90% ஆல்கஹால் 1 மணி
95% ஆல்கஹால் 1 மணி
100% ஆல்கஹால் 1 மணி, 1 மணி, 1½ மணி
சைலீன் 1 மணி, 1½ மணி
மெழுகு 1½ மணி, 2 மணி

மொத்தம் 14½ மணி. மாலை 5 மணிக்குத் தொடங்கினால் காலை 7.30 வாக்கில் முடியும். விடுமுறை வந்தால் தாமதம் முழுவதும் முதல் ஃபார்மலினில் கழியும்படி வையுங்கள், மெழுகில் காத்திருக்க விடாதீர்கள். சின்ன பயாப்சியை இதே அட்டவணையில் ஓட்டினால் காய்ந்து விறைத்து, வெட்டும்போது கோடு கோடாகப் பிளக்கும். மூடிய மெஷினில் அதற்கென்று 2, 3 மணி நேரப் புரோகிராம் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில் இருக்கும் 2 மணி நேர ஃபார்மலினை வைத்து ஃபிக்சேஷன், அதாவது திசு கெடாமல் நிலைப்படுவது, முடிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஃபார்மலின் உள்ளே போகும் வேகம் தோராயமாக மணிக்கு 1 மில்லிமீட்டர், போன பிறகு புரதத்தைப் பிடித்துக் கட்டுவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். மார்பகத் திசுவில் ஹார்மோன் ரிசெப்டரும் ஹெர்2 என்ற புரதமும் பார்ப்பதென்றால் ஆஸ்கோ, கேப் என்ற அமெரிக்க மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல் கேட்பது ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம். அரைகுறையாக ஃபிக்ஸ் ஆன திசுவின் நடுப்பகுதியை ஆல்கஹால் வந்து ஃபிக்ஸ் செய்யும். ஸ்லைடில் ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி தெரிந்தால் மெஷினைத் திட்டாதீர்கள்.

5. ஃபார்மலினுக்கு அடுத்து என்ன இருக்கிறது?

மூடிய மெஷின் வைத்திருப்பவர்கள் இந்தப் படியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

நான் பார்த்துக்கொண்ட ஒரு மூடிய மெஷின், வந்த புதிதில் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ரிட்டார்ட் நிரம்ப எடுக்கும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பிறகு பாதி ஓட்டத்தில் நின்று, நிரம்பவில்லை என்று அலாரம். பம்பைப் பார்த்தார்கள், மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினார்கள், இரண்டு நாள் ஓடும், மறுபடி அதே அலாரம். ஃபார்மலினுக்கு அடுத்து இருந்த ஆல்கஹால் பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அடியில் மணல் மாதிரி வெள்ளைத் துகள். ரிட்டார்டின் அடி வடிகட்டியை விரலால் தடவினால் அதே துகள், சொரசொரவென்று.

அது பாஸ்பேட் உப்பு. நாம் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் என்று ஊற்றுவதில் ஃபார்மால்டிஹைடு சுமார் 4% தான். அமிலமாகாமல் பார்த்துக்கொள்ள சோடியம் பாஸ்பேட்டுகள் சேர்த்திருக்கும். இந்த உப்பு தண்ணீரில் கரையும், அடர்ந்த ஆல்கஹாலில் கரையாது. ஃபார்மலின் வடிந்ததும் ரிட்டார்ட் சுவரிலும் கேசட் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் மிச்சத்தின் மேல் 95% ஆல்கஹால் வந்து விழுந்தால் உப்பு அங்கேயே திரிந்து வால்விலும் குழாயிலும் படியும். மெஷினில் பதிந்து வந்த புரோகிராமில் ஃபார்மலினுக்கு அடுத்ததாக 95% தான் இருந்தது. திசுவுக்குள்ளும் இந்தத் துகள் போகும், மைக்ரோடோம் பிளேடு அதில் மோதினால் செக்‌ஷனில் (வெட்டிய சீவலில்) கீறல் விழும்.

தீர்வு எளிது. ஃபார்மலினுக்கு அடுத்த ஆல்கஹால் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இடம் இருந்தால் 70% இரண்டு முறை. மெஷின் அனுமதித்தால் இடையில் ஒரு தண்ணீர் அலசல். ஏற்கெனவே அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை ரிட்டார்டுக்கும் குழாய்களுக்கும் விட்டு அலசினால் கரைந்து போகும். முதலில் மெழுகையும் சைலீனையும் முழுக்கச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், அதையும் சர்வீஸ் ஆளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேரோசலில் குழாய் இல்லாததால் அடைப்பு வராது, ஆனால் ஆல்கஹால் பாத்திரத்தின் அடியில் அதே வெள்ளைப் படிவு தெரியும்.

6. சோதனை ஓட்டம்

நோயாளியின் ஒரே துண்டு பயாப்சியை வைத்து மெஷினைச் சோதிக்காதீர்கள். முதலில் திசு இல்லாமல் வெறும் கேசட்டுகளை மட்டும் போட்டு முழு ஓட்டம். அடுத்தது, ரிப்போர்ட் முடிந்து வைத்திருக்கும் காலமும் கடந்து அப்புறப்படுத்த வேண்டிய மாதிரிகளிலிருந்து, லேப் விதி அனுமதித்தால், கல்லீரல், நுரையீரல், கருப்பை, தோல், கொழுப்பு என்று கலந்து எடுங்கள். ஒரே துண்டை இரண்டாக வெட்டிப் பாதியைப் பழைய மெஷினில், பாதியைப் புதியதில் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எச் அண்ட் ஈ என்ற சாதாரண நிறமேற்றல் மட்டும் போதாது, குறிப்பிட்ட புரதங்களைக் காட்ட நீங்கள் செய்யும் இம்யூனோ ஸ்டெயின்களையும் போடுங்கள்.

கொழுப்புத் துண்டுதான் உண்மையைச் சொல்லும். பிளாக்கின் முகத்தை நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். குழைந்து உள்வாங்கினாலோ சைலீன் வாசம் அடித்தாலோ ப்ராசசிங் முழுமையாகவில்லை. அப்போது சரியாகத் தெரிந்தாலும் சில நாள் கழித்து நடுப்பகுதி மெழுகு மட்டத்திலிருந்து குழிந்து கீழே போனால் அதுவும் அதே கதைதான். அந்த பிளாக்கை உருக்கி, சைலீன், பிறகு 100% ஆல்கஹால் என்று பின்னோக்கிக் கொண்டுபோய், மறுபடி முன்னோக்கி ஓட்டினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

7. தினசரி

திரவத்தை நாள் கணக்கில் மாற்றாமல் கேசட் கணக்கில் மாற்றுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிக்கையில் தொடங்கி, கொழுப்புத் திசு அதிகம் வந்தால் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். மூன்று 100% ஆல்கஹாலில் முதலாவதைக் கொட்டி, இரண்டாவதை முதல் இடத்துக்கும் மூன்றாவதை இரண்டாம் இடத்துக்கும் நகர்த்தி, புதியதைக் கடைசியில் வையுங்கள். சைலீனுக்கும் மெழுகுக்கும் இதே முறை. கழிவு தனிக் கேனுக்குப் போக வேண்டும், சிங்க்குக்கு அல்ல.

சில மெஷின்கள் திரவத்தின் தரத்தைத் தாமே காட்டும் என்றாலும் எனக்குச் சோதனைக்குழாய்தான் பிடிக்கும். கடைசி 100% ஆல்கஹாலில் கொஞ்சம் எடுத்து, நீரற்ற வெள்ளை காப்பர் சல்பேட்டைச் சிட்டிகை போட்டால், நீலமானால் தண்ணீர் இருக்கிறது. மூடிய மெஷினில் ஓட்டம் முடிந்ததும் ரிட்டார்டைச் சுத்தம் செய்யும் ஆல்கஹாலில் கொஞ்சம் எடுத்து அதில் தண்ணீர் விடுங்கள். பால் போல் கலங்கினால் சைலீன் ஏறியிருக்கிறது. அதை மாற்றாமல் விட்டால் அடுத்த ஓட்டத்தின் ஃபார்மலினுக்குள் அந்தச் சைலீன் போகும். ஆல்கஹால் மீட்டர் வைத்திருப்பவர்கள் மெஷினிலிருந்து சூடாக எடுத்து உடனே அளக்காதீர்கள், இருப்பதைவிட அதிக சதவீதம் காட்டும்.

பிற்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதில் மூன்று விஷயம் நான் விட்டது.

சின்ன பயாப்சிக்கு ஸ்பான்ஜ் வைக்கலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். நான் வைப்பதில்லை. அது திசுவில் முக்கோண ஓட்டைகளைப் பதிக்கும், ஒவ்வொரு திரவத்தையும் உறிஞ்சி அடுத்ததற்குள் கொண்டுபோய்ப் பிழியும். வடிதாளில் மடித்து வையுங்கள். ஆல்கஹாலில் ஒரு சொட்டு ஈயோசின் சாயம் கலந்தால் எம்பெடிங்கில் திசு இளஞ்சிவப்பாகக் கண்ணுக்குப் படும்.

ஐசோப்ரோப்பனால் ஊற்றுபவர்கள் எத்தனாலுக்கான மீட்டரை அதில் விட்டு வரும் எண்ணை நம்ப வேண்டாம்.

கேசட் எண் அழிந்துபோனதாக எழுதியவருக்கு: பேனாவை மாற்றும் முன் காலிக் கேசட்டில் எழுதி, ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஓர் இரவு ஊறப் போடுங்கள். பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. பென்சில் அழியாது.